கொக்கடிக்குளத்துக் கோரை

மே 11

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. இவர், என் வீட்டுக்காரர், அங்கே வேலை பார்ப்பதால் வருடா வருடம் ஒன்று வீட்டுக்கு வரும். பாதியில் கோலம் வரைந்து பழகுவேன், மீதியைக் கிழித்துத் தோசைக்கல் துடைப்பேன். இந்த வருடம் எழுதிப் பார்க்கலாம் என்று இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஊரே படுத்துவிடுகிறது. எனக்குப் படுத்தால் கால் குறுகுறுக்கிறது. பாத்திரம் கழுவியாச்சு, ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தாச்சு, தெருவிளக்கு எரியவில்லை என்று பஞ்சாயத்து ஆபீஸுக்கு போன் போட்டுச் சண்டையும் போட்டாச்சு. வார்டு மெம்பர் ஆவுடைத்தங்கம் பேசுகிறேன் என்றால் அங்கே இப்போதெல்லாம் போனை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

நல்ல சேதி ஒன்று. கொக்கடிக்குளத்தில் வண்டல் எடுக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து அனுமதி வந்துவிட்டது. அவரவர் நிலத்துக்கு அள்ளிக்கொள்ளலாம். என் செவக்காட்டுக்கு இந்தத் தடவையாவது நல்ல மண் போட வேண்டும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த நிலத்தில் உருப்படியாக விளைந்தது கல் ஒன்றுதான். என் கொழுந்தன் அதைப் பார்க்கும்போதெல்லாம் "மயினி, பேசாம மிசின் வச்சு ஜல்லி உடைக்கலாமே" என்பான். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அரிவாள்மணையில் காயை வெட்டுவேன், வெட்டு வெட்டென்று.

மே 14

தம்பி கொம்பையா வந்து என்னைக் குளத்துக்குக் கூட்டிப் போனான். இந்த வருடம் குளத்து மீன் குத்தகை அவனுக்கு. துபாயில் ஏழெட்டு வருடம் கிடந்தவன். போன தடவை லீவுக்கு வந்தபோது அவன் மகள் மிதுனா அவனைப் பார்த்து "மாமா வந்திருக்காரு" என்று உள்ளே ஓடி அம்மாவிடம் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. இனி போகமாட்டேன் என்று என் கையில் அடித்துச் சொன்னான். எனக்கு உடன்பிறந்தவன் என்று இருப்பது இவன் ஒருத்தன்தான். அவன் ஊரில் இருக்கிறான் என்பதே எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருக்கிறது.

குளத்தின் மேற்குக் கடைசியில், ஆற்றிலிருந்து வருகிற வரத்துக்கால் உள்ளே நுழையும் இடத்தை உள்வாய் என்போம். அங்கே ஆள் உயரத்துக்குக் கோரை. பரந்து கிடக்கிறது. அவன் அதைக் காட்டி, "எக்கா, நீ மெம்பரு. பொக்லைன்காரன் உன் பேச்சத்தான் கேப்பான். இந்தக் கோரைய மட்டும் தொடாம பாத்துக்க. குஞ்சு மீனு இதுக்குள்ளதான் ஒதுங்கும். தண்ணியும் இதுல நின்னு நிதானமா வந்தாத்தான் நல்லது" என்றான்.

"நான் என்னத்துக்குல அதத் தொடப் போறேன்?" என்றேன்.

திரும்பும்போது கோரை வேரோடு ஒரு கட்டி மண்ணைக் காலால் தள்ளிப் பார்த்தேன். கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியது. அப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததே இல்லை.

மே 19

பொக்லைன் வந்து இறங்கியது. தாலுகாக்காரர்கள் குளத்து நடுவில் கொடி நட்டுக் கொடுத்த இடத்தில்தான் தோண்டுகிறார்கள். ஊரே டிராக்டரோடு நிற்கிறது. எனக்கும் வந்தது. நடுக்குளத்து மண் சாம்பல் நிறத்தில் களிமண்ணாக இருக்கிறது. சட்டி பானை செய்யலாம், வெண்டை போட முடியாது. மற்றவர்கள் எல்லாம் "அருமை அருமை" என்று அள்ளுகிறார்கள். ஓசியில் கிடைத்தால் எதுவும் அருமைதான்.

மே 22

கொம்பையா குடும்பத்தோடு மாமியார் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருக்கிறான்.

மே 23

உள்வாயில் பாம்பு இருக்கிறது. மெய்யாகவே இருக்கிறது. போன மாதம் பால்பண்ணைத் தெருவில் ஆடு ஒன்று வாயில் நுரை தள்ளிச் செத்தது, அது பாம்பு இல்லாமல் வேறென்ன? கோரை அடர்ந்தால் பாம்பு அடையும். சின்னப் பிள்ளைகள் அந்தப் பக்கம் குளிக்கப் போகிறார்கள். மெம்பர் என்று ஒருத்தி இருந்தால் இதையெல்லாம் பார்க்கத்தான் வேண்டும்.

இன்றைக்கு ஊரில் முக்கால்வாசிப் பேர் மண்டபத்தில் கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். பொக்லைன் சும்மா நின்றது. ஆபரேட்டர் சேலம் பக்கத்துப் பையன், நிழலில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். நாளைக்கு மிஷின் வேறு ஊருக்குப் போகிறதாம். "பாம்பு கிடக்குப்பா, கோரையைச் சுத்தமா எடுத்துரு" என்றேன். எடுத்தான். மண்ணை வெறுமனே குவித்து வைத்தால் மழைக்குக் கரைந்துவிடும் இல்லையா, அதனால் மிஷினோடு வந்த டிராக்டரிலேயே என் நிலத்துக்கு அடிக்கச் சொன்னேன். உள்வாய்க்கு என் நிலம் பக்கம்தானே, வண்டி சுற்ற வேண்டாம்.

இவர் சாயந்தரம் வந்து நிலத்தைப் பார்த்தார். மண்ணைக் கையில் எடுத்தார், மோந்தார், கீழே போட்டார். "கோரை மண்ணுல்லா இது?" என்றார்.

"பாம்பு இருந்துச்சு" என்றேன்.

"பாத்தியா?"

இந்த மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறந்தால் இப்படித்தான்.

மே 24

பாம்பு எதுவும் அகப்படவில்லை. மிஷின் சத்தத்துக்கு ஓடியிருக்கும்.

மே 26

கொம்பையா வந்துவிட்டான். நேரே குளத்துக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தான் போல, காலில் சேறு. நான் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். கொடை எப்படி, சாமி வந்துதா, மாமியார் என்ன கொடுத்து அனுப்பினாள் என்று நானே கேட்டு நானே பேசினேன். அவன் பணியாரத்தைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றான். என்றைக்கும் கேட்டு வாங்குகிறவன் இன்றைக்கு இன்னொன்று கேட்கவில்லை. கிளம்பும்போது வாசலில் நின்று என்னைப் பார்த்தான்.

"என்னல?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா" என்றான்.

ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லைதான். நான் ஏன் அதையே நினைத்துக்கொண்டு அடுப்படியை இரண்டு தடவை கழுவினேன் என்று தெரியவில்லை.

ஜூன் 9

சாரல் பிடித்துவிட்டது. வரத்துக்காலில் தண்ணீர் வருகிறது என்று கேள்விப்பட்டு எல்லாரும் கரைக்கு ஓடினோம். முன்னெல்லாம் கோரைக்குள் புகுந்த தண்ணீர் மறுபக்கம் தலைகாட்ட ஒரு பொழுது ஆகிவிடும். இன்றைக்கு விறுவிறுவென்று நடுக்குளத்துக்கு வந்து சேர்ந்தது. செம்மண் கலர். கரையில் கைதட்டினார்கள்.

பால்பண்ணைச் செல்லையா அண்ணாச்சி குளத்துக் கமிட்டித் தலைவர். அவர் சொன்னார்: "கொம்பையா கெட்டிக்காரம்ல. கொடைக்குப் போகுமுந்தியே பொக்லைன்காரன்ட்ட சொல்லி கோரைய எடுத்துட்டான் பாத்தியா, இனி வலை சிக்காது. குத்தகைக்காரம்னா இப்படில்லா இருக்கணும்."

கொம்பையா பக்கத்தில்தான் நின்றான். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நின்றான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஜூன் 17

குஞ்சு மீன் விட்டோம். கட்லா, ரோகு. பிளாஸ்டிக் பையைத் தண்ணீரில் மிதக்க வைத்துப் பிறகுதான் அவிழ்க்க வேண்டுமாம், இல்லையென்றால் சூடு மாறிச் செத்துவிடும் என்று கொம்பையா எல்லாரையும் அதட்டினான். மிதுனா ஒரு பையை அவளே அவிழ்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். அவிழ்த்ததும் "போங்க, போங்க, பத்திரமா போங்க" என்று கையை ஆட்டினாள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற தம்பி அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். அவன் பெண்டாட்டி மாரித்தாய் கரையில் என் தோளில் சாய்ந்து, "மயினி, இவுக இனி போகமாட்டாவ" என்றாள். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அவளை ஒரு திட்டு திட்டினேன்.

ஜூன் 28

பெரிய மழை. ஆற்றில் வந்த வெள்ளம் குளத்துக்குள் அப்படியே குதித்தது. நடு மடை அடைத்துக்கொண்டது என்று ஆட்கள் வந்து என்னைக் கூப்பிட்டார்கள். மடை வாயில் முழங்கால் அளவு சேறு. போன வருடம்வரை இப்படி நடந்ததில்லை. அந்தச் சேறெல்லாம் முன்னே எங்கே போய்க்கொண்டிருந்தது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டார்கள். நான் மண்வெட்டி எடுத்துக்கொண்டு நானே இறங்கி வாரினேன். மெம்பரக்கா மாதிரி யார் செய்வா என்றார்கள். சும்மா நிற்க முடியாமல் செய்தேன், அவ்வளவுதான்.

ஜூலை 20

வெண்டை காய்க்கத் தொடங்கிவிட்டது. செடி என் நெஞ்சளவு. இலை ஒவ்வொன்றும் தாம்பாளம். கொழுந்தன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வெகு நேரம் பார்த்தான். "என்னத்தப் போட்டிய மயினி?" என்றான். "வேர்வையப் போட்டேன்" என்றேன். எத்தனை வருடமாக இந்தப் பதிலுக்கு வாய் ஊறிக்கொண்டிருந்தேன்!

கொம்பையா வீட்டுக்கு ஒரு கூடை அனுப்பினேன். மாரித்தாய் வாங்கி வைத்துக்கொண்டாள். அவன் வெண்டைக்காய் சாப்பிடுவதில்லை என்றாள். சின்னதில் விரும்பிச் சாப்பிடுவான்.

ஆகஸ்ட் 3

மழை விட்டு நல்ல வெயில். குளத்துத் தண்ணீர் பச்சை. கரையோரம் பாசி திரண்டு, வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டைக் கொட்டின மாதிரி இருக்கிறது. குளித்த பெண்களுக்கு அரிப்பு. நாலு பேர் வந்து என்னிடம் சொன்னார்கள். பிளீச்சிங் பவுடர் போடலாமா என்று கொம்பையாவிடம் கேட்டேன். "மீனுக்கும் சேத்துப் போட்டுரு" என்றான். அவன் என்னிடம் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 12

மீன் சாகிறது.

இரண்டு நாளாக மேகமூட்டம், வெயிலே இல்லை. காலையில் கொம்பையா ஓடிவந்து எழுப்பினான். குளம் முழுக்க மீன் தலையைத் தூக்கி வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. கையளவு வளர்ந்துவிட்டவை. அவன் படகு மோட்டாரை வைத்துத் தண்ணீரைக் கலக்கிப் பார்த்தான், வாளியால் மொண்டு மொண்டு ஊற்றினான். நானும் ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகச் சாய்ந்து வெள்ளை வயிறு மேலே வந்தது.

மிதுனாவைக் கரைக்கு வர விடவில்லை.

ஆகஸ்ட் 13

செத்த மீன் பொறுக்கினோம். நானும் அவனும்.

ஆகஸ்ட் 14

பொறுக்கினோம். நாற்றம் கையை விட்டுப் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன்.

ஆகஸ்ட் 16

இன்றைக்கும். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் கூடை. பேசாமலே பொறுக்கினோம். நடுவில் ஒரு தடவை அவன் நிமிர்ந்து, "எக்கா" என்றான். நான் "வெயில் ஏறுதுல, சீக்கிரம் பொறுக்கு" என்றேன். மறுபடி குனிந்துகொண்டான். என்ன சொல்ல வந்தான் என்று கேட்டிருக்கலாம். வெயில் மெய்யாகவே ஏறியது.

ஆகஸ்ட் 19

மீன்வளத்துறையிலிருந்து ஒரு மேடம் வந்தாள். சின்னப் பெண், கல்யாணம்கூட ஆகியிருக்காது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்தாள். வரத்துக்கால் வழியாகவே நடந்து மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. காரணம் எதுவும் இல்லை, பிடிக்கவில்லை.

கொம்பையாவும் செல்லையா அண்ணாச்சியும் நானும் நின்றோம். அவள் சொன்னாள்: "மேல இருக்கிற வயல்ல எல்லாம் யூரியா, டி.ஏ.பி. போடுறாங்க. டவுன் சாக்கடையும் ஆத்துல வருது. எல்லாம் வெள்ளத்தோட உங்க குளத்துக்கு வருது. அந்தச் சத்தைத் தின்னுதான் பாசி வளருது. பாசி ராத்திரியில மூச்சு வாங்கி, செத்து அழுகி, தண்ணியில இருக்கிற காத்தைக் காலி பண்ணிருது. மீனுக்கு மூச்சு முட்டும்."

"யூரியா இன்னைக்கா போடுதாவ?" என்றார் அண்ணாச்சி. "எத்தன வருசமா போடுதாவ. இது மாதிரி ஆனதில்லையே."

"இத்தனை வருஷம் உள்வாய்ல கோரை இருந்துச்சுல்ல? தண்ணி அங்க வேகம் குறைஞ்சு பரவும். மண்ணு அங்கேயே படியும். மண்ணோட ஒட்டி வர்ற சத்தும் அங்கேயே தங்கும், மிச்சத்தைக் கோரை தின்னுடும். உங்களுக்கு வந்தது தெளிஞ்ச தண்ணி. இப்ப கோரையும் இல்ல, அதுக்குக் கீழ இருந்த மண்ணும் இல்ல. வாய்க்கால் மாதிரி பள்ளம்தான் இருக்கு. நேரா உள்ள வந்துருது. யாரு எடுத்தது?"

கொம்பையா சொன்னான்: "எடுத்தாச்சு மேடம். இனி என்ன செய்யணும், அதச் சொல்லுங்க."

"திரும்ப நடணும். வேற வழி இல்ல."

அவள் ஜீப்பில் ஏறும்போது வெண்டைக்காய் ஒரு பை கொடுத்தேன். "இவ்வளவு பெருசா!" என்று ஆச்சரியப்பட்டாள். "என்ன உரம் போட்டீங்க?"

ஜீப் கதவை நானே சாத்தினேன்.

ஆகஸ்ட் 20

பரணில் இருந்த பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கித் தேய்த்தேன். இவர் வந்து, "தீபாவளிக்கு ரெண்டு மாசம் இருக்கே" என்றார். பிறகு பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். ஒரு சொம்பை எடுத்து அவரும் தேய்த்தார். எழுந்திருக்கும்போது, "சொல்லிருட்டி" என்றார். அவ்வளவுதான்.

சொல்வது பெரிய காரியமா? நாளைக்கே சொல்லிவிடலாம்.

ஆகஸ்ட் 25

சொல்லவில்லை. காய்ச்சல் மாதிரி இருந்தது.

பால்பண்ணைத் தெருவில் இரண்டு கன்றுக்குட்டி கழிச்சலாகிச் செத்துவிட்டன. குளத்துத் தண்ணீர் குடித்ததுதான் என்கிறார்கள். மேடம் சொன்னது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கோரையை எடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம், எடுத்தவன் கொம்பையா. ஜூன் மாதத்தில் கெட்டிக்காரன் என்று சொன்ன அதே வாய்கள். மிதுனாவோடு விளையாட அடுத்த வீட்டுப் பிள்ளைகளை விடவில்லையாம். மாரித்தாய் அதைச் சொல்லும்போது அழவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். இவளுக்குத் தெரியுமோ?

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம்.

ஆகஸ்ட் 30

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சமுதாயக் கூடம் நிறைந்து வாசல்வரை ஆட்கள். செல்லையா அண்ணாச்சி கோபமாகத்தான் ஆரம்பித்தார். அவருடைய கன்றும் ஒன்று போயிருக்கிறது. "ஊர்க் குளம்டே அது. உன் வலை சிக்குதுன்னு கோரைய வழிச்சு எடுக்க யாரு உனக்கு உரிமை கொடுத்தா? வாயத் தொறந்து சொல்லு. கோரைய எடுத்தது நீதானா?"

கொம்பையா எழுந்து நின்றான். கையைக் கட்டியிருந்தான். கைகட்டி நிற்கிற வயசா அவனுக்கு?

"நான்தான்" என்றான்.

என் கால் தானாக எழுந்தது. சத்தியமாகத் தானாகத்தான். "அவன் இல்ல, நான்தான் எடுத்தேன்" என்றேன். "கல்யாணத்துக்கு எல்லாரும் போயிருந்த அன்னைக்கி, பொக்லைன்காரன்ட்ட நான்தான் சொன்னேன். தொடாதேன்னு இவன் எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருந்தான். பாம்புன்னு சொன்னேன். பாம்புக்காக இல்ல, மண்ணுக்காகத்தான். என் நிலத்துக்கு. அந்தக் கருப்பு மண்ணப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியல."

முடித்துவிட்டு நின்றேன். கல்லால் அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

முன் வரிசையில் இருந்த பொம்பளை ஒருத்தி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அண்ணாச்சியின் முகம் இளகிவிட்டது. "ஆவுடை," என்றார், "உக்காரும்மா. கூடப்பொறந்தவன் மேல உனக்கு எவ்வளவு பாசம்னு ஊருக்கே தெரியும். அதுக்காகப் பழிய நீ தூக்கிச் சுமக்கக் கூடாது."

"பாசம் இல்ல அண்ணாச்சி, நெசம்! என் நிலத்துல வந்து பாருங்க, மண்ணு கிடக்கு!"

"எல்லார் நிலத்துலயும்தான் வண்டல் கிடக்கு" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்பு.

இவர் எழுந்தார். ஊர்க்கூட்டத்தில் இவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை. "அவ சொல்லுதது நெசம்தான்" என்றார். "நீரு பெண்டாட்டி சொன்னதுக்கு என்னைக்கு மறுத்துப் பேசியிருக்கீரு?" என்றார்கள். இன்னும் சிரிப்பு.

நான் கொம்பையாவைப் பார்த்தேன். நீயாவது சொல்லுல என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்காமல், "அக்கா சும்மா சொல்லுதா. எடுத்தது நான்தான்" என்றான்.

அதோடு முடிந்தது. குத்தகையைப் பறித்துவிட்டார்கள்.

செப்டம்பர் 2

கமிட்டி கூடிப் பேசியதாம். அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். கோரையை மறுபடி நட வேண்டும், பொறுப்பான ஆள் வேண்டும், ஆகையால் மீன் குத்தகையை என் பேரில் மாற்றுகிறார்களாம். மிச்சம் இருக்கிற மீனும் எனக்கு. "நீ இருக்கைல எங்களுக்குக் கவலை இல்ல" என்றார். நான் வேண்டாம் என்றேன். அதுவும் தம்பிக்காகத்தான் என்று புரிந்துகொண்டு, இன்னும் உருகி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

வெண்டைச் செடியெல்லாம் பிடுங்கிப் போட்டேன். காயோடு.

செப்டம்பர் 9

கொம்பையா துபாய் ஏஜெண்டுக்குப் பேசிவிட்டான் என்று மாரித்தாய் சொன்னாள். ஓடினேன். அவன் பெட்டியைக் கழுவிக் காய வைத்துக்கொண்டிருந்தான்.

"ஏல, போகாத. குத்தகை என் பேருல இருந்தா என்ன, நீதான் பாக்கப் போற" என்றேன்.

"என் குளத்துல நான் கூலிக்கு நிக்கவா?"

"கூட்டத்துல நான் சொல்லும்போது நீ ஏம்ல மாத்திச் சொன்ன? எனக்காகவா?"

"உனக்காக இல்லக்கா." பெட்டியைத் திருப்பி வைத்தான். "அதுக்கு முந்தியே எனக்குப் போதும்னு ஆயிட்டு. கொடைக்குப் போயிட்டு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். உன் நிலத்துல கோரை வேரு கிடந்துச்சு, பாத்தேன். சரி, அக்கா சொல்லுவான்னு இருந்தேன். காலையில காலையில வந்து எங்கூட நின்னு செத்த மீன் பொறுக்கினயே. தினமும் இன்னைக்கு சொல்லிருவா, இன்னைக்கு சொல்லிருவான்னு பாத்தேன். நீ வெயிலு ஏறுதுன்ன."

கையில் பிடிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்று பக்கத்தில் கிடந்த துணியை எடுத்து மடித்தேன்.

"மறுபடியும் சொல்லுதேன்ல. வீடு வீடாப் போய்ச் சொல்லுதேன். நம்புற வரைக்கும் சொல்லுதேன்."

"வேண்டாம்" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான், அதுதான் தாங்க முடியவில்லை. "சொல்லச் சொல்ல நீ இன்னும் நல்லவளாயிருவ."

செப்டம்பர் 14

போய்விட்டான். பஸ் ஸ்டாண்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். ஊரார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 21

மெம்பர் பதவியை ராஜினாமா பண்ணலாம் என்று இவரிடம் சொன்னேன். "அதுக்கும் மாலை போடுவாவ" என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 5

வடகிழக்கு மழைக்கு முன்னால் நட வேண்டும். பக்கத்து ஊர்க் குளத்தில் கேட்டு, கிழங்கோடு கோரை பெயர்த்து வந்து ஒரு வாரமாக நட்டுக்கொண்டிருக்கிறோம். கூலிக்கு நாலு பெண்கள், மாரித்தாய், நான். இடுப்பளவு சேறு. பிடி பிடியாக நட்டால்தான் நிற்கிறது. எப்போது அடர்ந்து, எப்போது மண் பிடிக்கும் என்று தெரியவில்லை. மேடத்திடம் போனில் கேட்டால், பொறுமையாக இருங்கள் என்கிறாள். என்னிடம் போய்ச் சொல்கிறாள்.

கரையில் போகிறவர்கள் எல்லாம் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்கள். தம்பி செய்ததுக்கு அக்கா சேற்றில் கிடந்து சாகிறாளே, இந்தக் காலத்தில் யார் செய்வா என்று. முதல் இரண்டு நாள் பதில் சொன்னேன். இப்போது நிமிர்வதில்லை.

இன்று பள்ளிக்கூடம் லீவு என்று மிதுனாவும் வந்திருந்தாள். கரையில் உட்கார்ந்து கோரைப் பிடிகளை எனக்கு எடுத்து எடுத்துக் கொடுத்தாள். மாரித்தாய் தூரத்தில் மற்றவர்களோடு நட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்த, அப்பா எதுக்குப் போனாரு?" என்றாள்.

"அம்மா என்ன சொன்னா?"

"சம்பாதிக்கன்னு."

நான் அவள் கையிலிருந்த பிடியை வாங்கினேன். "இங்க முந்தி நிறைய கோரை இருந்துச்சு. உங்கப்பா வெட்டாதன்னு சொன்னாரு. அத்த வெட்டிட்டேன். அதான் மீனெல்லாம் செத்துப் போச்சு. அதான் அப்பா போயிட்டாரு" என்றேன்.

"நீயா வெட்டுன?"

"நான்தான்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள், என் சேற்றுக் கையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சும்மா சொல்லாதே என்று சொல்லவில்லை. கேட்ட மாத்திரத்தில் நம்பிவிட்டாள். மடியில் வைத்திருந்த கோரையைக் கீழே போட்டாள். எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, கரையோரமாகவே நடந்து அவள் அம்மா இருந்த பக்கம் போனாள். திரும்பிப் பார்க்கவே இல்லை.